ஏரிக்கரையைத் தொலைத்தவர்கள்

ஆஸ்திரியாவின் தெற்கே கரிந்தியா மாநிலத்தில் வோர்தர்ஸே என்று ஒரு ஏரி இருக்கிறது. அதன் தென்கரையில் ரைஃப்னிட்ஸ் என்று ஒரு சின்ன ஊர், மரியா வோர்ட் ஊராட்சியைச் சேர்ந்தது. கார் பைத்தியம் பிடிக்காதவர்களுக்கு இந்தப் பெயர்கள் வெறும் பூகோளம். ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜி.டி.ஐ. வைத்திருக்கும் ஒரு ஜெர்மன்காரரிடம் சொல்லிப் பாருங்கள், ஒரு மணி நேரம் புலம்புவார்.

1982இல் ஏறத்தாழ நூறு கார்களோடு அங்கே ஒரு சந்திப்பு நடந்தது. ஜி.டி.ஐ. ஓட்டுகிறவர்கள் கூடினார்கள், பேசினார்கள், பீர் குடித்தார்கள், அடுத்தவன் பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தார்கள், கிளம்பிப் போனார்கள். அடுத்த வருடம் இன்னும் கொஞ்சம் பேர். 1987இல் ஊரில் கருங்கல்லிலேயே ஒரு ஜி.டி.ஐ. செதுக்கி வைத்தார்கள், எடை 25 டன். கோயில் வாசலில் நந்தி மாதிரி! கூட்டம் ஆயிரத்திலிருந்து லட்சத்துக்கு வளர்ந்தது. பிறகு ஃபோக்ஸ்வாகன் நிறுவனமே வந்து கடை விரித்தது. 2007இல் 12 சிலிண்டர், 650 குதிரைத்திறன் கொண்ட ஒரு கோல்ஃபை அங்கே கொண்டுவந்து இறக்கினார்கள். 2008இலிருந்து நிறுவனத்தின் தொழிற்பயிற்சி மாணவர்கள் வருடாவருடம் ஒரு ஸ்பெஷல் ஜி.டி.ஐ. கட்டிக் கொண்டுவந்து காட்டினார்கள்.

கடைசியாக அந்த விழா முறையாக நடந்தது 2019இல். அப்புறம் கொரோனா. கொரோனா போனபிறகு எல்லோரும் மூட்டை கட்டத் தயாரானபோது, 2023இல் விழா கிடையாது, இனிமேலும் கிடையாது என்று ஊராட்சி கையை விரித்துவிட்டது. சுற்றுச்சூழல் என்றார்கள், ஊர்க்காரர்களின் நிம்மதி என்றார்கள்.

அன்றிலிருந்து ஒரே ஒப்பாரி. பச்சைக் கட்சிக்காரர்கள் சதி செய்துவிட்டார்கள், எலெக்ட்ரிக் கார் கும்பல் ஒழித்துக் கட்டிவிட்டது, பணக்கார வில்லாக்காரர்கள் மேயரை விலைக்கு வாங்கிவிட்டார்கள், நாற்பது வருடம் நம் காசில் சாப்பிட்ட ஊர் முதுகில் குத்திவிட்டது... இப்படி. எல்லோரையும் திட்டியாகிவிட்டது. ஒரே ஒருவரை மட்டும் யாரும் திட்டவில்லை: பக்கத்தில் நிற்கிற சொந்த கிளப் நண்பனை.

இந்தக் கட்டுரை அவரைப் பற்றித்தான். அவரைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தவர்களைப் பற்றியும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கார் கிளப் தோழமை என்பது சும்மா இல்லை. ஜெர்மனியில் ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்யலாம். மூன்று ஜெர்மானியர் சந்தித்தால் ஒரு சங்கம் ஆரம்பித்துவிடுவார்கள் என்று அவர்களே தங்களைக் கிண்டல் செய்துகொள்வார்கள். தலைவர், செயலாளர், பொருளாளர், வருடாந்திரக் கணக்குத் தணிக்கை எல்லாம் உண்டு. ஆனால் கிளப் உண்மையில் உயிரோடு இருப்பது ஷெட்டில்தான்.

ஒரு உதாரணம். 1980களின் இரண்டாம் தலைமுறை கோல்ஃப், ஒரு டன்னுக்குப் பக்கத்தில் எடை கொண்ட வண்டி. அதற்குள் 2.8 லிட்டர் வி.ஆர்.6 இன்ஜினை இறக்குவது அந்த வட்டாரத்தில் பெரிய ஆசை. அந்த ஆறு சிலிண்டர் இன்ஜின் மூன்றாம் தலைமுறை கோல்ஃபில் 174 குதிரைத்திறனோடு வந்தது. இன்ஜினைத் தூக்கி வைத்துவிட்டால் வேலை முடிந்துவிடுமா? வயரிங் முழுக்க மாற்ற வேண்டும். ரேடியேட்டருக்கு இடம் கண்டுபிடிக்க வேண்டும். முன்பக்க எடை கூடியதால் ஸ்பிரிங் மாற்ற வேண்டும். வேகம் கூடியதால் பிரேக் டிஸ்க் பெரிதாக வேண்டும். பெரிய டிஸ்க் வைத்தால் பழைய வீல் உள்ளே போகாது, அதையும் மாற்ற வேண்டும். ஒன்றைத் தொட்டால் ஒன்பது இழுக்கும்.

இதைத் தனியாளாகச் செய்வது சாதாரண வேலை இல்லை. ஒருவருக்கு வெல்டிங் தெரியும். இன்னொருவர் ஆட்டோ எலெக்ட்ரீஷியன். ஒருவரிடம் இன்ஜின் தூக்குகிற கிரேன் இருக்கிறது. ஒருவருக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் டார்ச் பிடிப்பார், காபி போட்டுத் தருவார். (இப்படி ஒருவர் இல்லாமல் எந்த ஷெட்டும் நடந்ததில்லை.) சனிக்கிழமை சனிக்கிழமையாக ஒரு குளிர்காலம் முழுக்க நடக்கும். முடிந்த அன்று சாவியைத் திருகி இன்ஜின் பிடித்துக்கொள்ளும்போது ஷெட்டில் நிற்கிற அத்தனை பேருக்கும் அது சொந்த வண்டி. இந்த உணர்வைக் கிண்டல் செய்கிறவர்கள் வாழ்க்கையில் எதையும் கையால் கட்டாதவர்கள்.

அதற்கப்புறம்தான் ஜெர்மனியின் விசேஷம் ஆரம்பிக்கிறது. அங்கே வண்டியை மாற்றக் கூடாது என்று சட்டம் இல்லை. மாற்று, ஆனால் காட்டு என்பதுதான் சட்டம். மாற்றத்தால் ஆபத்து வரும் என்று எதிர்பார்க்க இடமிருந்தாலோ, புகையோ சத்தமோ கூடினாலோ, வண்டியின் ஓட்டும் அனுமதி தானாகவே செத்துப்போகும். ஆகவே ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு பேப்பர் வேண்டும். சில பாகங்கள் பொது அனுமதியோடே கடைக்கு வரும், அந்தக் காகிதத்தை வண்டியில் வைத்திருந்தால் போதும். சிலவற்றுக்கு நிபுணர் அறிக்கை வரும், அதோடு வண்டியை ட்யூஃப், டெக்ரா போன்ற பரிசோதனை நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் தனி வண்டியாகவே பரிசோதித்து அனுமதி வாங்க வேண்டும். காசும் நேரமும் கொட்டும். ஆனால் அதிலும் தேறினால் வண்டியின் ஆவணத்திலேயே, நம்மூர் ஆர்.சி. புக் மாதிரி, அந்த மாற்றம் எழுதப்படும்.

பரிசோதகர் என்ன பார்ப்பார்? ஸ்டீயரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருப்பி, டயர் எங்கேயாவது உரசுகிறதா என்று பார்ப்பார். ஒரு சக்கரத்தைக் கட்டை மேல் ஏற்றி, சஸ்பென்ஷன் முழுக்க அமுங்கும்போது ஃபெண்டரில் இடிக்கிறதா என்று பார்ப்பார். வண்டியைத் தாழ்த்தியிருந்தால் ஹெட்லைட் சரியான உயரத்தில் இருக்கிறதா, எதிரே வருகிறவன் கண்ணைக் குத்துகிறதா என்று பார்ப்பார். இதில் எது அநியாயம்? ஒரு நல்ல மெக்கானிக் நண்பன் என்ன பார்ப்பானோ அதைத்தான் அவரும் பார்க்கிறார். சட்டம் அங்கே செய்திருப்பது கறாரான நண்பன் ஒருவனை ஏற்பாடு செய்து தந்ததுதான்.

இப்போது அந்த நம்ம நண்பருக்கு வருவோம்.

அவர் இரண்டாம் தலைமுறை கோல்ஃபை மூன்று வருடம் கட்டியவர் இல்லை. ஏழாம் தலைமுறை ஜி.டி.ஐ.யைத் தவணையில் எடுத்தவர். 220 குதிரைத்திறன் டர்போ வண்டி. அதன் இன்ஜின் கம்ப்யூட்டரில் வேறு மென்பொருள் ஏற்றினால், ஸ்பேனரைத் தொடாமலேயே, ஒரு மதியத்தில் 300க்குப் பக்கத்தில் போய்விடும். டர்போ இன்னும் அழுத்தமாகக் காற்றை ஊதும், அதற்கேற்ற பெட்ரோல் பாயும், அவ்வளவுதான் விஷயம். ஃபேக்டரி டார்க் 350 நியூட்டன் மீட்டர், அதுவும் 400ஐத் தாண்டும். அந்த ஆறு கியர் இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ் எவ்வளவு டார்க்குக்கு வடிவமைக்கப்பட்டது தெரியுமா? அதே 350க்குத்தான். மிச்சம் எங்கே போகும்? கிளட்ச் வழுக்கும். அதைப் பற்றி இவருக்குக் கவலை இல்லை, வாரண்டியில் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். வாரண்டி வேலைக்குப் போகுமுன் பழைய மென்பொருளைத் திரும்ப ஏற்றிவிட்டுப் போவார். இதற்குப் பெயர் சாமர்த்தியமாம்!

அடுத்து கேடலிடிக் கன்வெர்ட்டர் இல்லாத பைப். அடுத்து சைலன்சர். கடைசியில் ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை எடுத்ததும் எக்ஸாஸ்டுக்குள் பட்டாசு வெடிக்கிற மென்பொருள். இந்த வெடிச்சத்தத்தால் வண்டி ஒரு நொடிகூட வேகமாகப் போகாது. காலை எடுத்த பிறகும் பெட்ரோலை விட்டு, பற்றவைப்பதைத் தாமதப்படுத்தி, சூடான எக்ஸாஸ்டுக்குள் எரிய விடுவது, அவ்வளவுதான். சுத்தமான வீண் செலவு. இரவு பதினொரு மணிக்கு ஏரிக்கரைச் சாலையில் குழந்தையைத் தூங்கவைத்துக்கொண்டிருக்கிற ஒரு தாய்க்கு அது துப்பாக்கிச் சத்தம்.

சரி, இவர் ட்யூஃபுக்கு எப்படிப் போகிறார்? ஜெர்மனியில் சாதாரணக் காருக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பரிசோதனை. அதற்கு முந்தின சனிக்கிழமை கிளப் நண்பன் ஒருவன் ஒரிஜினல் எக்ஸாஸ்டைக் கடன் கொடுப்பான். நாலு பேர் சேர்ந்து மாட்டிவிடுவார்கள். திங்கட்கிழமை பாஸ். அடுத்த சனிக்கிழமை அதே நாலு பேர் சேர்ந்து கழற்றிவிடுவார்கள். அதே ஷெட், அதே ஜாக்கி, அதே காபி. பார்ப்பதற்கு அசல் தோழமை மாதிரியே இருக்கும்.

இங்கேதான் கேட்க வேண்டும். 2015 செப்டம்பரில் ஃபோக்ஸ்வாகன் மாட்டிக்கொண்டதே, அது எதற்காக? பரிசோதனை நடப்பதை மோப்பம் பிடித்து அப்போது மட்டும் ஒழுங்காகப் புகைவிட்டு, ரோட்டுக்கு வந்ததும் வேறு மாதிரி ஓடுகிற மென்பொருளை டீசல் கார்களில் வைத்ததற்காக. உலகம் முழுக்க ஒரு கோடியே 10 லட்சம் கார்கள். அன்றைக்கு ஜி.டி.ஐ. வட்டாரத்தில் கம்பெனியைத் திட்டாதவர் இல்லை. இன்றுவரை யாராவது புகை, சத்தம் என்று ஆரம்பித்தால், முதல் பதிலே 'கம்பெனிக்காரனே ஏமாத்தினான், எங்களைச் சொல்ல வந்துட்டீங்களா' என்பதுதான்.

நல்ல கேள்வி. ஆனால் கடன் வாங்கிய எக்ஸாஸ்டோடு திங்கட்கிழமை ட்யூஃபுக்குப் போகிற வண்டி என்ன செய்கிறது? பரிசோதனைக்கு ஒரு முகம், ரோட்டுக்கு ஒரு முகம். கம்பெனி அதை மென்பொருளால் செய்தது, கிளப் அதை ஸ்பேனரால் செய்கிறது. கம்பெனிக்காவது வக்கீல்கள் இருந்தார்கள், அபராதம் கட்டியது, பெரிய தலைகள் கோர்ட் வாசலில் நின்றார்கள். கிளப் நண்பர் மாட்டினால் யார் நிற்பார்?

இன்சூரன்ஸ் பக்கம் கொஞ்சம் பார்க்கலாம், வகுப்புத் தோழர்களுக்குப் பரீட்சைக்கும் உதவும் :-) முக்கியமான விவரத்தை மறைக்கக் கூடாது என்பது காப்பீட்டு ஒப்பந்தத்தின் அரிச்சுவடி. ஆவணத்தில் எழுதாத மாற்றத்தோடு விபத்து நடந்து, அந்த மாற்றமே காரணம் என்று நிரூபணமானால், ஜெர்மனியில் காப்பீட்டு நிறுவனம் அடிபட்டவருக்கு இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு, ஓட்டியவரிடம் 5,000 யூரோ வரை திருப்பிக் கேட்கலாம். சொந்த வண்டியின் சேதத்துக்கான தொகையையும் வெட்டலாம். எக்ஸாஸ்ட் மாட்டிக் கொடுத்த அந்த நாலு பேரில் ஒருவரும் அந்த 5,000இல் பங்கு கேட்டு வரமாட்டார்கள்.

திரும்ப ஏரிக்கரைக்கு. அதிகாரபூர்வ விழா என்னவோ நாலு நாள்தான். ஆனால் கூட்டம் வாரக்கணக்கில் முன்கூட்டியே வந்து இறங்கும். அதற்கு அழைப்பிதழ் கிடையாது, ஏற்பாட்டாளர் கிடையாது, கழிவறை கிடையாது, குப்பை அள்ள ஆள் கிடையாது. சாலை ஓரத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒரு வண்டி மெதுவாக வரும். கூட்டம் கத்தும். ஓட்டுகிறவர் பிரேக்கை மிதித்துக்கொண்டே ஆக்ஸிலரேட்டரை அழுத்தி, டயரைத் தார்ச்சாலையில் தேய்த்துப் புகை கிளப்புவார். கைதட்டல். அடுத்த வண்டி. டயர் ரப்பர் நாற்றம் வீட்டு ஜன்னல் வழியாக உள்ளே போகும்.

கத்தியவர்கள் யார்? புகை கிளப்பியவர் ஒருவர். கைதட்டியவர்கள் இருநூறு பேர். 'ஒரு சில கறுப்பு ஆடுகள்' என்ற வாதம் இந்தக் கணக்கில்தான் செத்துப்போகிறது. ஒரு சிலர் என்றால், மிச்சம் இருந்த ஆயிரக்கணக்கானவர்களுக்கு வாய் இல்லையா? சட்டையின் முதுகில் கிளப் பெயரை இவ்வளவு பெரிதாக அச்சடித்துக்கொண்டு வருகிறீர்கள். அதே சட்டை போட்ட ஒருவன் ஊரான் வீட்டு வாசலில் டயரைக் கொளுத்தும்போது, 'டேய், நிறுத்துடா' என்று சொல்ல ஒருவருக்குமா தோன்றவில்லை?

தோன்றியிருக்கும். சொன்னால் நட்பு போய்விடும் என்ற பயம். கிளப்பில் இதற்கு ஒரு பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள், 'நம்ம ஆளை விட்டுக்கொடுக்கக் கூடாது' என்று. விட்டுக்கொடுக்காமல் இருந்து இருந்து கடைசியில் எதை விட்டுக்கொடுத்தார்கள் என்று பாருங்கள். மொத்த ஏரியையும்.

எதிர்த்தரப்பில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. ஊர் நாற்பது வருடம் சம்பாதித்தது உண்மை. விடுதி, உணவகம், பெட்ரோல் பங்க் எல்லாவற்றுக்கும் சீசன் தொடங்கும் முன்பே ஒரு சீசன். ஆனால் லாபம் ஒருவர் கணக்கில் வரவு, தொல்லை இன்னொருவர் கணக்கில் பற்று. விடுதிக்காரர் வாங்கிய காசுக்குப் பக்கத்து வீட்டுக் கிழவர் தூக்கத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவருக்கு யாரும் பங்கு கொடுக்கவில்லை. ஆனால் ஓட்டுப் போடுகிற உரிமை அவருக்கும் இருந்தது.

இன்னொரு வாதம் இதைவிடக் கனமானது. அதே கரிந்தியாவில், அதிக தூரமில்லாத ஃபாக் ஏரியில், 1998இலிருந்து ஹார்லி டேவிட்சன்காரர்களின் ஐரோப்பிய பைக் வாரம் நடக்கிறது. லட்சக்கணக்கில் வருகிறார்கள். ஹார்லி என்ன, வீணையா வாசிக்கிறது? அதற்கு மட்டும் செப்டம்பர் மாதம் சிவப்புக் கம்பளம், ஜி.டி.ஐ.க்குக் கதவடைப்பா? இதில் ஓரவஞ்சனை இல்லை என்று சாதிப்பது கஷ்டம். அது வேறு ஊராட்சி என்பது ஒரு பதில், ஆனால் பாதி பதில். நடுத்தர வயதுக்காரர், பர்ஸ் கனமாக இருப்பவர், விடுதியில் அறை எடுப்பவர் என்றால் சத்தம் 'கலாசாரம்' ஆகிவிடுகிறது. இருபத்திரண்டு வயதுப் பையன், காரிலேயே தூங்குகிறவன், சூப்பர் மார்க்கெட்டில் ரொட்டி வாங்குகிறவன் என்றால் அதே சத்தம் 'தொந்தரவு'. இந்தக் கோபம் நியாயமானது. ஆனால் இந்த நியாயத்தை எடுத்துக்கொண்டு ஊராட்சியிடம் போய்ப் பேச வேண்டுமென்றால் கையில் ஏதாவது இருக்க வேண்டும். 'எங்கள் ஆட்களை நாங்கள் அடக்கி வைத்திருக்கிறோம், இதோ பாருங்கள்' என்று காட்ட ஒரு கிளப்புக்காவது முடிந்ததா?

கணக்குப் பாடத்தில் குட்வில் என்று ஒன்று வரும். இன்னொரு வியாபாரத்தை விலைக்கு வாங்கும்போது வருகிற குட்வில்லைப் புத்தகத்தில் சொத்தாக எழுதலாம். சொந்தமாக உழைத்துச் சம்பாதித்த குட்வில்லை எழுதக் கூடாது. வாத்தியார் இதைச் சொல்லும்போது யாருக்கும் சுவாரசியமாக இருக்காது. ரைஃப்னிட்ஸ் கதையை வைத்துப் பார்த்தால் புரியும். 1982இல் வந்த அந்த நூறு கார்க்காரர்கள் ஊரோடு சம்பாதித்த நல்ல பெயர் எந்தப் புத்தகத்திலும் எழுதப்படவில்லை. அதனால் பின்னால் வந்தவர்கள் அதைச் செலவழித்துக்கொண்டிருந்தபோது, இருப்பு எவ்வளவு மிச்சம் என்று யாருக்கும் தெரியவில்லை. தெரிந்தபோது பூஜ்ஜியம்.

ஆஸ்திரியா அத்தோடு நிற்கவில்லை. 2024 மார்ச் 1 முதல் அங்கே ஒரு சட்டம். ஊருக்குள் வேக வரம்பை 80 கிலோமீட்டருக்கு மேல் மீறினால், ஊருக்கு வெளியே 90க்கு மேல் மீறினால், காரைப் பறிமுதல் செய்து ஏலம் விடலாம். ஜெர்மனியில் 2017 அக்டோபரிலிருந்து சாலைப் பந்தயம் சிறைத் தண்டனைக் குற்றம். முந்தின வருடம், 2016 பிப்ரவரி 1 நள்ளிரவில், பெர்லின் நகரின் நடுவே இரண்டு பேர் 160 கிலோமீட்டர் வேகத்தில் சிவப்பு விளக்குகளைத் தாண்டிப் பந்தயம் ஓட்டி, 69 வயதுக்காரர் ஒருவரைக் கொன்றார்கள். அதில் மோதியவருக்குக் கொலைக் குற்றத்துக்கான ஆயுள் தண்டனை 2020இல் உச்ச நீதிமன்றத்திலும் உறுதியானது. அவர்கள் ஜி.டி.ஐ.காரர்கள் இல்லை, எந்த ஏரிக்கும் போனவர்களும் இல்லை. ஆனால் அதற்கப்புறம் தாழ்த்திய காரைப் பார்க்கிற போலீஸ்காரர் மனதில் அவர்கள்தான் வருவார்கள். புனித வெள்ளி அன்று நூர்பர்க்ரிங் பக்கம் கூடுகிற மாற்றிய கார்க்காரர்களைப் போலீஸ் வருடாவருடம் வரிசையில் நிறுத்திச் சோதிக்கிறது. பேப்பர் பக்காவாக வைத்திருக்கிறவரும் அந்த வரிசையில்தான் நிற்க வேண்டும். கடன் எக்ஸாஸ்ட்காரருக்கு அவர் கட்டுகிற வரி அது.

இதில் பெரிய வேடிக்கை, ஜி.டி.ஐ. பிறந்த கதையே ஒரு ஷெட் கதைதான். 1973இல் அல்ஃபோன்ஸ் லோவன்பெர்க் என்ற ஃபோக்ஸ்வாகன் பரிசோதனைப் பொறியாளர், சாதாரண ஆளும் வாங்கக்கூடிய ஒரு வேகமான கார் வேண்டும் என்று உள்ளுக்குள் ஒரு குறிப்பு அனுப்பினார். மேலிடத்தில் ஆர்வம் இல்லை. ஒரு சின்னக் கும்பல் ரகசியமாகச் சேர்ந்தது. நிறுவனத்தின் பத்திரிகைத் தொடர்புத் தலைவர் அன்டன் கோன்ராட் வீட்டில் கூடிப் பேசினார்கள். ஆராய்ச்சிப் பிரிவின் தலைவர் எர்ன்ஸ்ட் ஃபியாலா ஆரம்பத்தில் ஏற்கவில்லை. முதலில் கட்டிப் பார்த்த வண்டி சத்தமும் முரட்டுத்தனமும் கொண்ட மிருகம். அதை அப்படியே கட்டிப்பிடித்துக்கொண்டு 'எங்களைப் புரிந்துகொள்ளவில்லை' என்று அழவில்லை. அடக்கினார்கள், மெருகேற்றினார்கள், அன்றாடம் ஓட்டக்கூடியதாக ஆக்கினார்கள். 1975 செப்டம்பரில் ஃபிராங்ஃபர்ட் கண்காட்சியில் காட்டினார்கள். 110 குதிரைத்திறன். 5,000 வண்டி விற்றால் போதும் என்று திட்டம். முதல் தலைமுறை மட்டும் 4 லட்சத்து 60 ஆயிரத்துக்கு மேல் விற்றது.

அந்த ரகசியக் கும்பல் நண்பர்கள்தான். ஆனால் 'இது சரியில்லை, மாற்று' என்று ஒருவர் முகத்துக்கு நேரே இன்னொருவர் சொல்லக்கூடிய நண்பர்கள். கைதட்டல் மட்டும் கொடுத்திருந்தால் அந்த முரட்டு வண்டி ஒரு மூலையில் தூசி படிந்திருக்கும். ஏரியும் இல்லை, கருங்கல் காரும் இல்லை.

இன்றைக்கும் அப்படிப்பட்ட ஷெட்கள் இருக்கின்றன, அதையும் சொல்ல வேண்டும். 30 வயதான வண்டிக்கு ஜெர்மனியில் பாரம்பரிய வாகன எண் பலகை கிடைக்கும். முதல் இரண்டு தலைமுறை கோல்ஃப்களை அதற்காகத் தேய்த்துத் துடைத்து, அந்தக் காலத்துப் பாகங்களையே தேடிப் போட்டு ஓட்டுகிற கிளப்புகள் உண்டு. பேப்பர் இல்லாத வண்டிக்கு எங்கள் வரிசையில் இடமில்லை என்று சொல்கிறவர்களும் உண்டு. அவர்களுக்குக் கிடைக்கிற பட்டம் 'கிழடுகள்', 'ட்யூஃப் ஏஜென்ட்கள்'. பட்டம் கொடுக்கிறவர்கள் எல்லாம் இப்போது ஏரிக்காக அழுகிறவர்கள்.

2024 ஜூலையில் ஃபோக்ஸ்வாகன் தன் சொந்த ஊரான வொல்ஃப்ஸ்பர்கில் ஜி.டி.ஐ. விழாவை நடத்தியது. வீட்டுக்குத் திரும்புகிறோம் என்று விளம்பரம். நல்ல ஏற்பாடு, நல்ல கூட்டம். ஆனால் ஏரிக்கரையில் விழா ஆரம்பித்தது கார் ஓட்டுகிறவர்கள், கம்பெனி பின்னால் வந்த விருந்தாளி. வொல்ஃப்ஸ்பர்கில் கம்பெனி வீட்டுக்காரர், கார் ஓட்டுகிறவர்கள் விருந்தாளிகள். எந்த வண்டி உள்ளே வரலாம், எத்தனை மணிக்கு இன்ஜினை அணைக்க வேண்டும் என்று இனி அவர்கள் சொல்வார்கள், கிளப்புகள் கேட்டுக்கொள்ளும். சொந்த நண்பனிடம் சொல்லக் கூசிய அதே வார்த்தைகளைக் கம்பெனியின் செக்யூரிட்டி ஆள் வாயால் கேட்பதில் மட்டும் கௌரவம் குறையவில்லை போலிருக்கிறது.

அடுத்த சனிக்கிழமையும் ஏதோ ஒரு ஷெட்டுக்கு அந்த ஏழாம் தலைமுறை ஜி.டி.ஐ. வரும். வாசலிலேயே நாலு வெடி வெடிக்கும். டார்ச் பிடிக்கிறவர் காபிக் கோப்பையை நீட்டுவார். கிரேன்காரர் கீழே குனிந்து புது பைப்பைப் பார்ப்பார். அருமையாக இருக்கிறது, எவ்வளவு ஆச்சு என்று ஒருவர் கேட்பார். 'இதுக்குப் பேப்பர் இருக்கா?' என்று கேட்க அந்த ஷெட்டில் இன்னும் மூன்று பேர் இருக்கிறார்கள்.